முகத்துவாரத்தில் பதினாறு மாதம்

ரியோபாம்பா,
3 மே 1994

அன்புள்ள எர்வானுக்கு,

நான் நலம். அங்கே நம் பாய்மரப் படகில் கொசு உன்னைத் தூங்க விடுகிறதா?

மூன்று வாரத்தில் ஏழு ஊர் பார்த்துவிட்டேன். எங்கேயும் இரண்டு நாள் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று மேகம் விலகி பனிமலை ஒரு நிமிடம் தெரிந்தது. பேருந்தில் பக்கத்தில் இருந்த உருளைக்கிழங்குக்காரி, “இதைப் பாக்கவா கடல்லேருந்து ஏறி வந்தே? அங்க மீனுக்கெல்லாம் யாரு காவல்?” என்றாள். சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார். குடிநீர் நிரப்பிக்கொண்டு மூன்று வாரத்தில் கிளம்பிவிடுவோம் என்றுதான் எக்வடோருக்கு வந்தோம். பதினாறு மாதம் ஆகிறது! முதலில் சுக்கான் பழுது, பிறகு பாய், இப்போது எஞ்சினின் நீரேற்றி. ஜூனில் கிளம்பாவிட்டால் புயல் காலத்துக்குள் பெருங்கடல் நடுவே உள்ள தீவுகளைத் தாண்ட முடியாது. இன்னொரு வருடம் இதே சேறுதான். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தானே நான் பேருந்து ஏறினேன்.

நீரேற்றி சரியாயிற்றா, குவென்கா தபால் நிலையத்துக்கு எழுது; அடுத்து அங்கேதான் போகிறேன்.

உன் குவெனோலா


பாஹியா துறைமுகம்,
10 மே

என் குவெனோலா,

குவாயாகிலிலிருந்து உதிரிபாகம் வந்தது. அளவு தவறு. திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒரு மாதம் ஆகும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கரைக்கடை சொபெய்தா தினமும் நிலக்கடலை அரைத்த மீன் சூப் வைக்கிறாள். கூடவே வசவு: “பொண்டாட்டி மலையேறிட்டா, நீ நங்கூரமாட்டம் சேத்துல புதைஞ்சு கெடக்கே!”

அவசரப்பட்டு வராதே. குவென்காவையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வா. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், படகு ஆடுகிறது.

எர்வான்


குவென்கா,
19 மே

எர்வான்,

அந்த ஆற்று முகத்துவாரத்தில் படகு என்றைக்கு ஆடியது? உன் கடிதத்தில் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. வேறொரு பெண் இருக்கிறாளோ, குடிக்க ஆரம்பித்துவிட்டாயோ என்றெல்லாம் புத்தி போயிற்று. பொறுக்காமல் சொபெய்தாவின் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“நான் சொன்னேன்னு சொல்லாதே. சூப்புல விட வேண்டிய கரண்டிய மேசையில விடறாரு. கரைப்படியில ரெண்டு தடவ விழுந்தாச்சு. உன் ஆளுக்குக் கண்ணு போகுதும்மா, தெரியாதா உனக்கு? எங்க தெரு நாய்க்கே தெரியும், அவரு வந்தா எழுந்து வழி விடுது.”

இருபத்திரண்டு வருடமாக உன் பக்கத்தில் தூங்குகிறவள் நான். நாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

உண்மையை எழுது.

கு.


பாஹியா,
26 மே

குவெனோலா,

நீரேற்றி நன்றாக இருக்கிறது. சுக்கானும் நன்றாகத்தான் இருந்தது.

எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் மறைகிறது. ஓரங்கள் தெரிகின்றன. உன் கடிதங்களை வெயிலில் பிடித்து ஓரக்கண்ணால் ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறேன். ஒரு கடிதத்துக்கு அரை நாள்.

நாம் கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வந்த அன்று வழிகாட்டி வில்தர் தன் விசைப்படகிலிருந்து, “இடப்பக்கம் மணல்திட்டு, அலை உடையுது பாரு!” என்று கத்தினார். பார்த்தேன் என்று கையசைத்தேன். எதுவும் தெரியவில்லை. நீ கீழே பாய் மடித்துக்கொண்டிருந்தாய். திட்டில் மோதாமல் தப்பியது அதிர்ஷ்டம்; உன்னைக் கொன்றிருப்பேன், குவெனோலா. அதன் பிறகு சுக்கானைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. இனி சரியாகாது என்று போர்த்தோவியேஹோ ஊர்க் கண் மருத்துவர் சொல்லிவிட்டார்.

சொல்லியிருந்தால் நீ எனக்காகத் தங்கிவிடுவாய். மூன்று நாள் ஓரிடத்தில் இருந்தால் சட்டி பானையை எல்லாம் இடம் மாற்றி வைக்கிறவள் நீ. நீ எனக்காக அடங்கி உட்கார்ந்திருப்பதை இந்தப் பாதிக் கண்ணாலும் பார்க்க மாட்டேன். படகை எடுத்துக்கொண்டு போ. உன்னால் முடியும்.

எர்வான்


குவென்கா,
2 ஜூன்

எர்வான்,

இனி உனக்குப் பெரிதாகவே எழுதுகிறேன். இன்றைய பேருந்து நடத்துனரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்; எனக்கு நாளைதான் இடம் கிடைத்தது. தனியாகக் கடலுக்குப் போவதற்காக நான் வரவில்லை. நீ கயிற்றைப் பிடி, நான் பார்க்கிறேன். மிச்சச் சண்டை நேரில்.

குவெனோலா


முகத்துவாரத்துக்கு வெளியே,
21 ஜூன்

எர்வான்,

சொபெய்தா படித்துக் காட்ட வேண்டுமே என்று இம்முறை நம் மொழியை விட்டு ஸ்பானிய மொழியில் எழுதுகிறேன். சொபெய்தா, பிழைக்குச் சிரி, ஆனால் ராகம் போட்டுப் படிக்காதே.

பதினேழு நாள் சண்டை போட்டோம். நீதான் ஜெயித்தாய்: நீ சொபெய்தாவிடம் கரையில், நான் தனியாகப் படகில். படகின் கயிற்றைத் தடவித் தடவி நீயே அவிழ்த்துவிட்டாய். கரையில் நின்று, நான் இல்லாத பக்கம் பார்த்துக் கையசைத்தாய். ஓரக்கண்ணில் என்னைப் பிடிக்கத்தான் என்று கொஞ்சம் கழித்துப் புரிந்தது.

வில்தர் முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்து மணல்திட்டைத் தாண்ட வைத்துவிட்டார். கடிதத்துக்காக இப்போது காத்திருக்கிறார். “சீக்கிரம்மா, தண்ணி வடியுது, அப்புறம் நான் வீடு போய்ச் சேர முடியாது!”

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். வெளிக்கடல் அலை முதன்முதலாகப் படகைத் தூக்கியதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. உன்னிடம் சொல்லத் திரும்பினேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

திரும்பி வருவேன் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். அது மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாத ஒன்றை சொபெய்தாவின் வாயால் உனக்குச் சொல்ல வேண்டாம்.

குவெனோலா