குடிக்காத நாளில் சொன்ன ‘ஆமா’

நைனா,

இன்று விம்கோ நகரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் திறக்க முடியாமல் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். அவர் வாயிலிருந்து அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை. எதிரே இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த வாடை தெரியும். அது சரக்கு வாடை இல்லை.

குடியை நிறுத்த டாக்டர் உனக்கு மாத்திரை கொடுத்த அந்த மூன்று மாதமும், சாயங்காலமானால் “ஊது நைனா” என்று உன்னை வாசலிலேயே நிறுத்துவேன். நீயும் ஊதுவாய். “வாய்ல இரும்ப அடக்கிகினு கீற மாரி கீதும்மா. தூக்கம் தூக்கமா வருது” என்பாய். சாக்கு சொல்கிறாய் என்று நினைத்தேன். தினமும் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தவள் நான்தான். அது உடம்பை என்ன செய்யும் என்று டாக்டரை ஒரு வார்த்தை கேட்டேனா?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட் கிளம்பிய காலையில், காசிமேட்டில் நீ வலைமேல் சாய்ந்து தூங்கிவிட்டாய். எழுப்பினால் கால் தள்ளாடியது. முந்தின வருஷம் நீ போதையில் கடலில் விழுந்தபோது உன்னைத் தூக்கியெடுத்தவர்கள் அந்த போட்காரர்கள். பயப்படத்தானே செய்வார்கள்? சோற்றுத் தூக்கோடு வந்த என்னை போட் டிரைவர் கூப்பிட்டார்.

“இன்னாம்மா, உங்க நைனா போட்டுக்கீறாரா? நீயே மோந்து பாத்து சொல்லு. நீ சொல்றதுதான்.”

நீ ஊதினாய். அந்தப் பூண்டு வாடை அடித்தது. சரக்கை மறைக்கப் பூண்டு மென்றிருக்கிறாய் என்று நினைத்தேன். “ஆமா” என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு!

நீ சண்டைகூடப் போடவில்லை. போட் உன்னை விட்டுவிட்டுப் போனது. மறுநாள் உன்மேல் புகார் சொல்லத்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். “மாத்திரைதாம்மா. சிலருக்கு இப்படி வாடை வரும், தூக்கமும் வரும். முன்னாடியே சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன்” என்றார். நான் திரும்புவதற்குள் நீ எழுந்து போய்விட்டாய்.

அதோடு மாத்திரையைத் தொடவில்லை. எவ்வளவோ கெஞ்சினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், நான் கேட்காமலே என் முகத்தில் ஊதினாய். இந்த முறை சரக்கு வாடையேதான்.

“இப்போ சொல்லும்மா, கரெக்டா?”

ஒரு வருஷத்தில் ஈரல் கெட்டு நீ போய்விட்டாய்.

இப்போது நான் யாரையும் சோதித்துப் பார்ப்பதில்லை, நைனா. யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறேன். நிறைய ஏமாறுகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஏமாந்தே தொலைகிறேன். குடிக்காமல் நின்ற உன்னைக் குடித்தாய் என்று சொன்ன வாய் இது.