வைஸ் திறந்துவிட்டது

அன்புள்ள என்னவருக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் இருமல் நின்றதா இல்லையா என்பதை மட்டும் விட்டுவிட்டு, அங்கே அடிக்கும் காற்று, பெய்யும் மழை, நீங்கள் காவல் காக்கும் கேட்டின் கீல் போடும் சத்தம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள். அடுத்த கடிதத்தில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

பட்டறைச் சாமான்களை எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடு என்று எழுதியிருந்தீர்கள். சொன்னபடி அவரை வரச் சொன்னேன். அரம், சுத்தியல், ரம்பம் எல்லாம் எடுத்து வைத்தேன். அரம் போடும்போது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பெரிய வைஸ்தான் மனதை உறுத்தியது. கூரை ஒழுகி, மூன்று வருடத் துருவில் தாடைகள் இரண்டும் கவ்விக்கொண்டு கிடந்தன. விற்பதுதான் விற்கிறோம், திறந்து மூடுகிற பொருளாக விற்போமே என்று எனக்கு ஒரு வீம்பு. என் வீம்பு உங்களுக்குத் தெரியாததா?

கடைசல் பட்டறைக்காரர் வந்து பார்த்து, "இது திறக்காதும்மா, உடைச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் தம்பி அதை மேசையிலிருந்து கழற்றித் தந்தார். துணி ஊறவைக்கும் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒன்பது நாள் மூழ்க வைத்தேன். வீடு முழுக்க வாடை. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள். தினமும் கம்பி பிரஷால் தேய்த்தேன், சுத்தியலால் தட்டினேன். அசைவேனா என்றது. பத்தாம் நாள் கைப்பிடியில் நீளக் குழாயை மாட்டி, நானும் தம்பியும் தொங்காத குறையாக இழுத்தோம். கைப்பிடிதான் வளைந்தது. "அண்ணி, அண்ணன் பார்த்தா என்னைக் கொன்னே போட்டுடுவாரு" என்று அவர் பயந்துபோனார்.

அப்போதுதான் நீங்கள் ஒருமுறை என் தையல் மெஷினில் மாட்டிக்கொண்ட திருகைக் கழற்றியது நினைவுக்கு வந்தது. எடுத்த எடுப்பில் தளர்த்தக் கூடாது, முதலில் ஒரு நூலளவு இறுக்கு, பிடி விட்டதும் தளர்த்து என்றீர்கள். தலைகீழ்ப் புத்தி என்று நான் கேலி செய்தேன். இப்போது அதையே செய்தோம். இறுக்கும் பக்கமாக ஓர் அழுத்து. கிடுக்கென்று ஒரு சத்தம். எதிர்ப்பக்கம் திருப்பினால் கால் சுற்று, அப்புறம் அரைச் சுற்று. மகள் கைதட்டினாள்.

தாடைகளுக்கு நடுவே ஒரு தோல் விளிம்பு முதலிலிருந்தே தெரிந்தது. பிடிக்கிற பொருளில் கீறல் விழாமலிருக்க நீங்கள் வைக்கும் தோல் துண்டு என்று நினைத்திருந்தேன். திறந்ததும் தட்டையாகக் கீழே விழுந்தது உங்கள் வலக்கை உறை. பட்டறை மெஷின் உங்கள் இரண்டு விரலை எடுத்த பிறகு, நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் வீடெல்லாம் தேடினேனே, அதே உறை. "தொலைஞ்சா தொலையட்டும்" என்றீர்களே.

ஆக, துரு பாதிதான். மீதி நீங்கள். உறையை உள்ளே வைத்து, குழாய் போட்டு இறுக்கிவிட்டு வந்துதான் இந்தக் கை இனி அரம் பிடிக்காது என்று எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று வருடம் என்னிடம் மறைத்தீர்களே என்று. அப்புறம், கட்டுப் போட்ட கையோடு அந்தக் குழாயை எப்படி இழுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மகளிடம் நான் மறைக்கவில்லை. அப்பாவுடையது என்று கொடுத்தேன். அவள் தன் கையில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளுங்கள். வைஸைப் பழைய இடத்தில் மாட்டவும் இல்லை. அங்கே இடப்பக்கம் சுவர். இடக்கையால் அரம் ஓட்டினால் முழங்கை இடிக்கிறது, நானே ஓட்டிப் பார்த்தேன். மேசையின் மறுகோடியில் துளை போட்டு மாட்டச் சொல்லிவிட்டேன். வளைந்த கைப்பிடியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், அதை நிமிர்த்துவது உங்கள் வேலை.

இன்னொன்று. முதல் வருடம் உங்கள் கடிதங்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. இடக்கையால் எழுதுகிறேன் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது வந்த கடிதத்தில் ஒரு வரிகூடக் கோணவில்லை. எழுதப் பழகிய கை அரம் பழகாதா? அந்தக் கேட்டின் கீலைக் கழற்றித் தேய்க்க உங்கள் கை துடிப்பது இங்கே வரைக்கும் தெரிகிறது.

உறைக்கு எண்ணெய் தடவிப் பதமாக்கிவிட்டேன். இரண்டு விரல்களை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். அளவு சரியா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். தபாலில் அனுப்ப மாட்டேன்.

உங்கள்
வீம்புக்காரி