நாடா கட்டிய நாற்காலி

அலபாமா,
டாக்டர் கிங் திருநாளுக்கு மறுநாள்.

என் அருமை மருமகள் டெல்ஃபினுக்கு,

கிங் தெருவின் முடிசூடா மன்னனும், உன் அம்மாவுக்கு ஒரே தம்பியுமான லூஷியஸ் மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் வலது முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அந்த அலாஸ்காவில் உனக்குப் பனி எதுவரை இருக்கிறது? முட்டி வரைக்கும் என்று கேள்விப்பட்டேன். நான் இங்கே இடுப்பு வரைக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

நேற்று ஊர்வலம். இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை. பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியம் முன்னால், சபைப் பெண்கள் தொப்பியோடு பின்னால், நடுவில் யார்? உன் மாமாதான். மேயரம்மா ரோஷெல் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையசைத்தாள். நம் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டே படித்த பெண். அப்போதே அவளிடம், நீ மேயராக வருவாய் என்று சொன்னேன். உண்மையில், தட்டில் சோப்பு போகவில்லை என்று சொன்னேன். இரண்டும் ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாற்காலியைப் பற்றித்தான். கடிதத்தைக் கீழே போட்டுவிடாதே.

நீ கிளம்பிப் போனதிலிருந்து நீயும் அம்மாவும் பேசுவதில்லை. நடந்தது எனக்கு மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் கால் வீங்கி வந்தாய். கடையில் இடமில்லை. யாரும் உட்காராதபடி குறுக்கே கட்டியிருந்த நாடாவை ஒதுக்கிவிட்டு டாக்டர் கிங் நாற்காலியில் உட்கார்ந்தாய். அத்தனை பேர் எதிரில் அக்கா உன்னை எழுப்பிவிட்டாள். உட்கார விடாத நாற்காலிக்கு அவர் பெயர் எதற்கு என்று கேட்டுவிட்டு நீ போனாய். போனவள் ஒரேயடியாக வடதுருவத்துக்கே போய்விட்டாய்.

அந்த நாற்காலியின் பெருமை உனக்குத் தெரியாததா? நம் கறுப்பு ஜனங்களின் ஓட்டுரிமைக்காக நடந்த டாக்டர் கிங் அறுபத்தைந்தாம் வருஷம் நம் கடைக்கு வந்து அதில் உட்கார்ந்து கெளுத்தி மீன் சாப்பிட்டார் என்பது நம் குடும்பத்துச் சொத்து. போட்டோ இல்லை. இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்லாத சாப்பாட்டுக் கடையும் இல்லை. ஆனால் அவர்கள் சொல்வது பொய். அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவனே நான்தான். அன்றைக்குத் தாடை வீங்கி நான் மாடியில் தூங்கினேன் என்று அக்கா சொல்வாள். தூக்கத்தில் ஊற்றியிருப்பேன். போன வாரம் இதைச் சொன்னபோது மீன் நாலு தட்டாகிவிட்டது. சபை மூப்பர் பெர்னெல், “லூஷியஸ், நீ சொல்றதப் பாத்தா அந்த மனுஷன் இந்த ஊர விட்டு நடந்து போயிருக்க முடியாதுப்பா. உருட்டித்தான் விட்டிருக்கணும்” என்றார். பொறாமை.

வருஷா வருஷம் திருநாளன்று பழைய நாடாவை அவிழ்த்து, நாற்காலிக்கு எண்ணெய் தேய்த்து, ஜெபம் முடிந்ததும் புது ஊதா நாடா கட்டுவோமே, அந்தப் பொறுப்பு என்னுடையது. நேற்று நாடாவை அவிழ்த்துத் தேய்த்து முடித்தேன். அதற்குள் வாத்தியச் சத்தம் தெருவில் கேட்டது. நான் இல்லாமல் ஊர்வலம் நகராது என்று உனக்கே தெரியும். புது நாடாவை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தால் கடைக்குள் நிற்க இடமில்லை, ஆனால் சத்தமும் இல்லை. கரண்டி விழுந்தால் கேட்கும். நாற்காலியில் ஒரு பெண். நிறைமாதம். கோழி ஆலையில் வேலை செய்கிறவள், குவாத்தமாலாக்காரி, பெயர் மரிசோல் என்று பிறகு தெரிந்தது. ஊர்வலம் பார்க்க வெகுநேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். பெர்னெல் குனிந்து மரியாதையாகத்தான் சொன்னார், அதில் யாரும் உட்காருவதில்லை என்று. அந்தப் பெண் சுற்றிலும் முகங்களைப் பார்த்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “மன்னிச்சிடுங்க. இங்க உக்காரக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது” என்றாள்.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இதில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. அக்கா சிறுமியாக இருந்தபோது உன் தாத்தா அவளை இதே தெருவில் மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனார். அவளுக்குக் காய்ச்சல். அங்கே சோடா விற்கும் இடத்தில், வெள்ளைக்காரர்கள் மட்டும் உட்காரும் முக்காலியில் அவளை உட்கார வைத்தார். கடைக்காரன் பார்த்தான். உன் தாத்தா அவளை இறக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். குழந்தைக்குத் தெரியாது, மன்னித்துவிடுங்கள் என்றார். அக்கா இதை எனக்கு ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள்.

நேற்று அக்கா நேரே அந்த நாற்காலிப் பக்கம் நடந்தாள். பிறகு கரண்டியை பெர்னெல் கையில் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் இரண்டு தோளையும் பிடித்து மெதுவாக உட்கார வைத்தாள்.

“உக்காரும்மா. இது உக்காரத்தான் செஞ்சது” என்றாள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். “என் மக அன்னிக்கே கேட்டா. நான்தான் காதுல வாங்கல” என்றாள்.

சபை மொத்தமும் கேட்டது, டெல்ஃபின். நான் உட்பட முப்பது பேர் அழுதோம். நான் அழவில்லை, வெங்காயம்.

மீன், கீரை, சோள ரொட்டி எல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தன் கையாலேயே பரிமாறினாள். வீட்டுக்கும் ஒரு பெட்டி பீச் பழ இனிப்பு கட்டிக் கொடுத்தாள். பெட்டியைக் கட்டக் கயிறு தேடினாள். மேஜைமேல் புது நாடா கிடந்தது. அதை எடுத்துக் கட்டி முடிச்சுப் போட்டாள். நான் மட்டும் பொறுப்போடு அதை அங்கே வைத்துவிட்டுப் போகாவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா? ஊரில் எல்லாரிடமும் இதைச் சொல்லிவருகிறேன்.

இன்று காலை திறந்ததும் அந்த நாற்காலிக்குத்தான் போட்டி. தபால்காரர் உட்கார்ந்தார். ஒரு பிள்ளை ஏறி நின்று ஜாம் தடவினான். அக்கா பார்த்துவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனாள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அறுபது வருஷமாக யாருக்கும் தெரியாமல் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு அட்டை மடித்து வைத்திருக்கிறேன்.

மத்தியானம் உன் அம்மா என்னிடம் அலாஸ்காவில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று கேட்டாள். எதற்கு என்றேன். சும்மா என்றாள். உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. அவள் சொல்ல மாட்டாள், வாய் வராது. அதனால் இதை நானாகத்தான் எழுதுகிறேன்.

வா, கண்ணு. சொல்லிவிட்டு வராதே, சொன்னால் அவள் சமையலில் ஒளிந்துகொள்வாள். நாற்காலி காலியாக இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, இப்போது அது எல்லாருக்கும் உரியதாகிவிட்டது. வரிசையில் நின்று, உன் முறை வந்ததும் உட்கார். வேறொன்றும் செய்ய வேண்டாம். தட்டை அவளே கொண்டுவருவாள்.

கர்த்தர் உன்னைப் பனியில் வழுக்காமல் காக்கட்டும்.

என்றும் உன் மேல் உயிராக இருக்கும்,
லூஷியஸ் மாமா