நனையாமல் போகிறவள்

ஜூன் 9
மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்றுதான் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி உட்கார்ந்து எழுதியதில்லை. பட்டம் வாங்கியவள் எழுதினால் தப்பில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அருவி அலுவலகத்தில் வேலை. குளித்துவிட்டு வெளியே போகிறவர்களிடம், "மறுபடி வருவீங்களா? ஏன்?" என்று கேட்க வேண்டும். பேசவே கூசுகிறவளுக்கு நல்ல வேலைதான்.

அம்மா அதே அருவி வாசலில் செருப்பு காக்கிறாள். யாராவது "போறேம்மா" என்றால் விடமாட்டாள். "போயிட்டு வரேன்னு சொல்லுங்க." மேலாளருக்குச் சிரிப்பு. "உங்கம்மாவே எல்லாரையும் வரேன்னு சொல்ல வெச்சுடறாங்க. உனக்கு எதுக்குச் சம்பளம்?"

ஜூன் 23
முகத்தைத் துணியால் மூடிய ஒருத்தி. தலைமுடி நனையவே இல்லை. குளிக்காமல் போகவா இவ்வளவு தூரம் வருவார்கள்?

ஜூலை 14
அவளேதான். இன்றும் நனையவில்லை. "மறுபடி வருவீங்—"

"இளைச்சுட்டியேடி."

அக்கா.

காதலித்தவனைத்தான் கட்டுவேன் என்று அவள் கிளம்பிய அன்று, "இனி என் மூஞ்சில முழிக்காதே" என்றாள் அம்மா. மூன்று வருஷமாகிறது.

"துணி மூடிட்டுத்தானே வரேன்? முழிக்கலையே" என்றாள் அக்கா. "செருப்பைக் குடுக்கறேன், டோக்கன் வாங்கறேன். அம்மா கை ஏன்டி நடுங்குது?"

கூடவே இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11
அக்கா வந்துபோவதைச் சொல்லிவிட்டேன். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். பெத்தவளுக்குக் காலைப் பாத்தா தெரியாதா?"

"அப்போ பேசேன்மா."

"அவ பேசட்டும்."

செப்டம்பர் 1
அக்கா வந்தாள். அவள் கணவருக்கு வெகுதூரத்தில் வேலை; நாளை கிளம்புகிறார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு, "போறேன்" என்றாள்.

வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். ஊரையெல்லாம் திருத்துகிற அம்மா, குனிந்து டோக்கனை எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை முனகியது.

போய்விட்டாள்.

செப்டம்பர் 2
ஒன்றுமில்லை.

அக்டோபர் 20
அருவி வற்றிவிட்டது. ஜனங்கள் ஏன் திரும்பி வருகிறார்கள் என்று மேலாளருக்கு அறிக்கை வேண்டுமாம். தண்ணீர், சுத்தமான கழிப்பறை, நல்ல பாதை என்று எழுதிக் கொடுத்தேன்.

வருகிற நாலு பேரின் கால்களையும் அம்மா உற்றுப் பார்க்கிறாள். அக்கா செருப்பு வைக்கிற இடத்தில் வேறு யாருடையதையும் வைப்பதில்லை.

அம்மா, உனக்குப் படிக்க வராது என்ற தைரியத்தில் இங்கே கேட்கிறேன். அக்கா போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை, வரேன்னு சொல்லச் சொல்லி அவகிட்டயும் சொல்லேன்.