ரேணுகாவோட நெட்டு நின்னுபோன விஷயம்

அன்பு மகன் அருள்மணிக்கு, காவலூர்ல இருந்து அம்மா சாந்தம்மாள் எழுதுறது. இங்க நாங்க மூணு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்குறோம், நீயும் மஸ்கட்டு வெயில்ல வாடாம வேளைக்குச் சாப்ட்டு நல்லா இருக்கணும்னு காளியம்மாவை வேண்டிக்கிறேன். மனசுக்கு நல்லா இருக்குறோமான்னு கேட்டா இல்லப்பா, அதைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன். போன்ல சொன்னா நீ பாதியில கட் பண்ணிடுற, நேத்தும் அப்படித்தான் பண்ண. ஆலங்காயம் காலித் லீவு முடிஞ்சு நாளைக்குக் கெளம்புறான், உன் கேம்ப்லயே இருக்குறவன்தானே, அவன் கையில இதைக் குடுத்து அனுப்புறேன். கடைசி வரைக்கும் படி. கோவம் வந்தாலும் படிச்சு முடிச்சுட்டு கோவப்படு.

இந்த வருஷம் புளி நல்லா காய்ச்சிருக்குது, உலுக்கத்தான் ஆள் கிடைக்கல. உங்கப்பா முட்டி வலியோட தானே மரம் ஏறுறேன்னு நிக்கிறார், நான் ஏணியை எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். மலைக்கு வர்ற பஸ்ஸுல ஒண்ணை நிறுத்திட்டாங்க, மத்தியானத்துக்கு மேல கீழ போனா திரும்பி வர்றது கஷ்டமா இருக்குது. இதெல்லாம் எப்பவும் இருக்குறதுதான், இப்ப விஷயத்துக்கு வர்றேன். உன் பொண்டாட்டி ரேணுகா வூட்லயே உக்காந்து வேலை பாக்குற கம்ப்யூட்டருக்கு ரெண்டு மாசமாவே நெட்டு சரியில்லன்னு உனக்குத் தெரியும். அவளுது ஆஸ்பத்திரி பில்லுங்களைச் சரிபாத்து அனுப்புற வேலை, ஒயர் போட்ட லைன்லதான் செய்யணும் வைஃபைல செய்யக்கூடாதுன்னு கம்பெனியில கண்டிசன். அனுப்புற ஃபைல் பாதியில நின்னுக்கும், மீட்டிங்ல பேசிக்கினு இருக்கும்போதே முகம் அப்படியே நின்னு போயிடும். அவளுக்கு மேல இருக்குற வாணியம்பாடி பர்வீன் மேடம் ரெண்டு தடவை நல்லதனமா சொல்லிப் பாத்தாங்க. மூணாவது தடவை, வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா உன் பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போடச் சொல்லிட்டாங்கம்மா, என் கையில இல்லன்னு சொல்லிட்டாங்க. அதை அவ பயந்துபோய் உன்கிட்ட சொன்னா நீ இன்னா சொன்ன. லைன் நான் போட்டது, அதுல ஒரு கோளாறும் வராது, நீ எவன்கிட்டயோ நாள் பூரா வீடியோல பேசிக்கினு இருக்குற அதான் ஸ்பீடு பத்தலன்னு சொன்ன. அடுப்படியில இருந்த எனக்கே கேட்டுது. அதோட விடாம சாயந்திரம் எனக்குப் போன் பண்ணி, அம்மா நீ அவகூடவே உக்காந்து யாருகிட்ட பேசுறான்னு பாத்துச் சொல்லுன்னு சொன்ன.

நான் ஒளிஞ்சு நின்னு பாக்குற ஆளு இல்ல அருளு. மறுநாள் காலையில அவகிட்ட நேராவே சொல்லிட்டேன், உன் புருஷன் என்னைய உனக்குக் காவல் வச்சிருக்கான், நான் இந்த ரூம்ல உக்காரப்போறேன்னு. அவ, உக்காருங்க அத்தை, நீங்களே பாருங்கன்னு சொல்லி நாற்காலி இழுத்துப் போட்டா. பாத்தேன். பில்லும் நம்பருமா கண்ணு பூத்துப்போற வேலை. தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்க மாட்டா, எழுந்து வர்றதுக்குள்ள ஏறிக்கினு இருக்குற ஃபைல் நின்னுடுமோன்னு பயம். பேசினது பர்வீன் மேடம்கிட்ட மட்டும்தான், அதுவும் சரிங்க மேடம், பாக்குறேங்க மேடம், இவ்ளோதான். நின்னுபோகும்போதெல்லாம் அதே ஃபைலை மொதல்ல இருந்து மறுபடி அனுப்பினா, அதையும் உன்கிட்ட சொல்லணும்தானே.

அப்புறம் நாங்க ரெண்டு பேருமா உக்காந்து எங்க கோளாறுன்னு தேட ஆரம்பிச்சோம். நீ சந்தேகப்பட்டியே, அதனால மொதல்ல என் எதிர்லயே வைஃபை பாஸ்வேர்டை மாத்தி, வூட்ல இருக்குற எல்லா போனையும் அணைச்சு வச்சா. அப்பவும் அதே கதைதான். நெட்டு கம்பெனி லைன் காரர் வந்து முன் ரூம்ல இருக்குற மோடம் பாக்ஸைப் பாத்துட்டு, எங்க பக்கம் நல்லா வருதுங்க, வூட்டுக்குள்ளதான் ஏதோ இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனார். ஸ்பீடு பாக்குறதுக்குன்னு ஒரு பக்கம் இருக்குதாம், வண்டி மீட்டர் மாதிரி முள்ளு ஏறுது. போனை பாக்ஸ் பக்கத்துல வச்சுப் பாத்தா முள்ளு சர்ருனு ஏறுது, ஒயர் மாட்டின கம்ப்யூட்டர்ல பாத்தா ஏறவே மாட்டேங்குது. பாக்ஸை அணைச்சுப் போட்டா, ஒயரை வேற ஓட்டையில மாத்திக் குத்தினா, ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டர்லயே ஒரு இடத்துல ஒயரோட வேகம் எழுதியிருக்குமாம், ஆயிரம்னு இருக்க வேண்டிய இடத்துல பத்துன்னு இருந்துது. அத்தை, கம்ப்யூட்டருக்கும் பாக்ஸுக்கும் நடுவுலதான் ஏதோ ஆகியிருக்குதுன்னு சொன்னா.

வியாழக்கிழமை சாயந்திரம் உங்கப்பாவுக்குப் போர்வை எடுக்கலாம்னு நான் பீரோவைத் திறந்தேன். அந்த நிமிஷமே அவ, போச்சு, மொத்தமா போச்சுன்னா. மூடினேன், கொஞ்ச நேரத்துல வந்துது. மறுபடி திறக்கச் சொன்னா, திறந்தேன், போச்சு. உங்கப்பாவைக் கூப்பிட்டு மூணு பேருமா பீரோவை நகர்த்தினோம். அதோட முன் காலுக்கு அடியில ஒயர் சப்பையா நசுங்கிக் கெடக்குது, மேல் தோல் கிழிஞ்சு உள்ள இருக்குற கலர் கம்பிங்கள்ல ரெண்டு அறுந்து தொங்குது. துணியும் கம்பளியும் அடுக்க அடுக்க கனம் கூடி நாளாக நாளாக நசுங்கியிருக்குது, கதவைத் திறந்தா கனமெல்லாம் அந்தக் காலுக்கு வந்து இன்னும் அமுக்கியிருக்குது. அந்தப் பீரோவை அங்க யார் வச்சதுன்னு நான் சொல்லணுமா. லீவு முடிஞ்சு போறதுக்கு முந்தின நாள், ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் உள்ள பாக்குறான்னு சொல்லி, நல்லா காத்து வந்துக்கினு இருந்த ஜன்னலை மறைச்சு நீதான் இழுத்து வச்ச. அன்னையில இருந்து அவ பட்டப்பகல்ல லைட்டு போட்டுக்கினு அந்த ரூம்ல வேலை பாக்குறா. அறுந்ததைப் பாத்ததும் ஒயரைக் கையில பிடிச்சுக்கினு தரையில உக்காந்துட்டா, அழல. அழுதிருந்தா எனக்குத் தேவலாம் போல இருந்துது. உங்கப்பா ஜன்னலை நல்லாத் திறந்து விடுன்னு மட்டும் சொல்லிட்டு வெளிய போய்ட்டார்.

புது ஒயர் வாங்க அந்நேரத்துக்கு பஸ் இல்ல. வெள்ளிக்கிழமை காலையில மேஜையோட கம்ப்யூட்டரை முன் ரூமுக்குத் தூக்கிட்டு வந்து, பாக்ஸ்கூட வந்த குட்டை ஒயரை மாட்டினோம். ஆயிரம்னு காட்டுச்சு. பர்வீன் மேடத்துகிட்ட விஷயத்தைச் சொல்லி, ஒரு தடவை பாருங்க மேடம்னு கெஞ்சிக் கேட்டா. அவங்களும் சரி, மத்தியானம் வரைக்கும் நான் லைன்லயே இருந்து பாக்குறேன், ஒரு தடவை நின்னாலும் அப்புறம் என்னைக் கேக்காதன்னு சொன்னாங்க. நான் கோழியைக் கூட உள்ள விடாம வாசப்படியில உக்காந்துக்கினேன். கரண்ட் போயிடக்கூடாதேன்னு காளியம்மாவை வேண்டிக்கினேன். அந்த நேரத்துலதான் அவ போன் அடிச்சுது. நீதான். நின்னுது, மறுபடி அடிச்சுது, மறுபடி. அவ திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் எனக்கு அடிச்ச. வேலையில இருக்குறாப்பா, அப்புறமா பேசுவான்னு சொன்னேன், எவனோடன்னு கேட்டுட்டு வச்சுட்ட.

மத்தியானம் பர்வீன் மேடம், ஒரு தடவைகூட நிக்கலம்மா, உன் பேரை எடுக்க வேணாம்னு எழுதிடுறேன்னு சொன்னாங்க. ரெண்டு மாசத்துல அவ சிரிச்சதை அப்பதான் பாத்தேன். சிரிச்சுக்கினேதான் போனை எடுத்தா. நீ அனுப்பியிருந்ததைப் படிச்சுட்டு என்கிட்ட நீட்டினா. இன்னையோட வேலையை விடு, இல்லன்னா உங்க அப்பன் வூட்டுக்குப் போய்டு, இதானே நீ எழுதினது. அவ சத்தம் போடல. அத்தை, அவரு ரெண்டு வழி சொல்லியிருக்குறாரு, நான் ரெண்டாவதை எடுத்துக்குறேன்னு சொல்லிட்டு, போய் துணியை மடிக்க ஆரம்பிச்சா. நான் தடுக்கல அருளு. எந்த மூஞ்சியோட தடுக்குறது. நான் எழுதுறது அவன் கைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் இரும்மான்னு மட்டும் கேட்டேன். ஒரு வாரம் இருக்குறேன் அத்தை, உங்களுக்காக இருக்குறேன், அவருக்காக இல்லன்னு சொன்னா. பையைக் கட்டி ஓரமா வச்சுட்டுத்தான் இன்னைக்கு காலையில வேலைக்கு உக்காந்தா.

ஒயர் அறுந்ததுக்கு நான் உன்னைக் கேக்கல, அது தெரியாம நடந்தது. உங்கப்பா இன்னைக்குப் போய் புது ஒயர் வாங்கியாந்துட்டார், சுவரு மேலயே அடிச்சு விட்டாச்சு. ஆனா நீ பேசின பேச்சு தெரிஞ்சு பேசினது. அதுக்கு இங்க எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, நீதான் பண்ணணும். தூரத்துல தனியா இருக்குறவனுக்கு மனசுல ஆயிரம் ஓடும், அது எனக்குப் புரியாம இல்ல. புரியுதுன்றதுக்காக அவளைச் சொன்னது சரின்னு சொல்லமாட்டேன். அவ இங்க இருந்து போறதுன்னு ஆச்சுன்னா நான் அழுதுக்கினு வாசல்ல நிக்கமாட்டேன், பையை நான் தூக்கிக்குவேன், கம்ப்யூட்டரை உங்கப்பா தூக்கிக்குவார், ரெண்டு பேருமா அவளை பஸ் ஏத்தி ஆலங்காயத்துல அவங்க வூட்ல விட்டுட்டு வருவோம். அவங்கப்பன் கேட்டா நடந்ததை நடந்த மாதிரி சொல்லுவேன்.

காலித்கிட்ட புளியும் சாமை முறுக்கும் குடுத்திருக்குறேன், தனியா தின்னாம ரூம்ல எல்லாருக்கும் குடு. வெயில்ல இருந்து வந்தவுடனே ஐஸ் தண்ணி குடிக்காத. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், நல்ல புத்தியோட இருக்கணும், காளியம்மா உனக்குத் துணை இருப்பா. ஒண்ணு மட்டும் மறக்காத. அவளுக்கு மத்தியானம் ஒரு மணிக்கு சாப்பாட்டு நேரம், உனக்கு அங்க பதினொன்றரை. என்னைக் கூப்பிடாத, அவளைக் கூப்பிடு. யாருகிட்ட பேசினன்னு கேக்காத, நான் உன்னைச் சொன்னது தப்புன்னு அவகிட்ட சொல்லு. எடுக்கலன்னா மறுபடி மறுபடி அடிக்காத. எடுக்குறதும் எடுக்காததும் அவ இஷ்டம்.

உன் நல்லதையே நினைக்கிற அம்மா,
சாந்தம்மாள்