வீடு பார்க்க வந்தவர் தூங்கிவிட்டார்

திண்டுக்கல்,
6.4.2025

அன்புத் தம்பி இஷாக்குக்கு அக்காவின் ஸலாம்.

போனில் என்னைப் பேசவே விடமாட்டாய். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். இதை நடுவில் வெட்ட முடியாதில்லையா?

முன்கட்டில் குடியிருந்தவர்களும் காலி செய்துவிட்டார்கள். "வீடா இது, பேக்கரி அடுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதற்காக விற்றுவிடுவதா? அத்தா உன் பேரில்தான் எழுதினார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இஃப்பத்தின் அத்தா மவுத்தானதிலிருந்து அந்த வாடகையில்தான் நானும் மகளும் பின்கட்டில் யார் கையையும் பார்க்காமல் இருக்கிறோம்.

கத்திரி முடியும்வரை பொறு. என் தையல் காசுக்குள் வீட்டைக் குளிரவைத்துக் காட்டுகிறேன்.

சபிஹா

ஷார்ஜா,
13.4.2025

அக்காவுக்கு ஸலாம்.

ஏசி இல்லாமல் எப்படிக் குளிரும்? விற்று மதுரையில் ஃபிளாட் வாங்கலாம் என்கிறாள் என் வீட்டுக்காரி மெஹராஜ். நீயும் இஃப்பத்தும் எங்களோடு வந்து இருங்கள், ஒரு குறையும் வராது.

சரி, கத்திரி முடியட்டும். ஆனால் புரோக்கர் பெருமாள்சாமி ஆள் கூட்டிவந்தால் கதவைச் சாத்தாதே.

இஷாக்

திண்டுக்கல்,
17.5.2025

தம்பிக்கு,

முடித்துவிட்டேன்! டைல்ஸ் கடைகளில் தூக்கிப்போடும் வெள்ளைச் சில்லுகளைச் சாக்குச் சாக்காக அள்ளிவந்து மொட்டைமாடி முழுக்கப் பதித்தோம். கொத்தனார் பொம்மையன், "சுவத்துல மேல ஓரமா நாலு செங்கல்ல உருவிருவோம்மா, சூடு தானா வெளிய ஓடிரும்" என்றார். ஓடியேவிட்டது. இடித்த வீட்டு மரச்சன்னல் ஒன்றைக் காற்று வர மேற்கே மாட்டியிருக்கிறோம். பாத்திரம் கழுவும் தண்ணீர் அதற்கு வெளியே நிழலுக்கு நட்ட வாழைக்குப் போகிறது.

நேற்று ஜும்ஆ முடிந்து, கொளுத்துகிற வெயிலில் பெருமாள்சாமி ஒருவரைக் கூட்டிவந்தார். என் வாய் சும்மா இருக்குமா? பெருமையில் ஒவ்வொன்றாகக் காட்டி, மோர் கொடுத்து, "செத்த நேரம் உக்காந்து பாருங்க" என்றேன். சுவரில் சாய்ந்த மனுஷன் வெறுந்தரையில் படுத்துக் குறட்டையே விட்டுவிட்டார்! சாயங்காலம் அஸர் பாங்கு கேட்டுத்தான் எழுந்தார். எழுந்ததும், "வேற யாருக்கும் குடுத்துராதீங்க, கேக்குற விலை தாரேன்" என்கிறார்.

என் வாயாலேயே கெட்டேனடா. அவர் போனபிறகு உட்கார்ந்து அழுதேன். சிரிக்காதே.

டீச்சர் சகாயராஜ் குடும்பம் வாடகைக்குக் கேட்டுக் காத்திருக்கிறது. நான் மதுரைக்கு வரமாட்டேன். நீ விற்றால் இதே தெருவில் ஒரு வாடகை வீடு பார்ப்பேன். அந்த மாடியிலும் சில்லு பதிப்பேன்.

சபிஹா

ஷார்ஜா,
28.5.2025

அக்கா,

உன் கடிதத்தை ரூமில் வாசித்துக் காட்டினேன். இங்கே எட்டு பேர் இருக்கிறோம், மூன்று நாளாக ஏசி ஓடவில்லை, ஒருத்தனும் தூங்கவில்லை. அந்த ஆள் குறட்டை விட்ட இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நம் வீட்டில் நான் மத்தியானம் தூங்கி ஏழு வருஷம் ஆகிறது.

பெருமாள்சாமியிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். மெஹராஜிடம் நான் பேசிக்கொள்கிறேன். சகாயராஜ் சாரைப் பக்ரீத் கழித்துக் குடிவரச் சொல்.

பக்ரீத்துக்கு வருகிறேன். அதுவரை அந்தத் தரையில் வேறு யாரையும் படுக்கவிடாதே.

உன் தம்பி
இஷாக்