கலியமூர்த்தியின் பச்சைப்பாலும் இஃபத்தின் ஐஸ் பெட்டியும்

பூந்தமல்லி,
ஏப்ரல் 26, ஞாயிறு

அன்பு மகள் நஜ்மாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே உன் அம்மா, தம்பி காலித், அவன் மனைவி இஃபத், நம் குட்டி இனாயா நான்கு பேரும் சுகம். ஐந்தாவது ஆளாகிய நானும் இப்போது சுகம்தான், போன மாதக் கடைசியில் இல்லை. உன் அம்மா போனில் சொல்லி நீ சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பெருநாள் முடிந்த வாரம் கடைக்குத் திரைச்சீலைக் கம்பி வாங்கப் பாடிக்குப் போனவன், மேம்பாலத்தை ஒட்டிய ஒரு லாரிப் பட்டறையின் கழிப்பறையில் முக்கால் மணி நேரம் குடியிருந்தேன். பட்டறைக்காரர் ஜெகதீஷ் கதவைத் தட்டித் தட்டி, "இன்னா பாய், உள்ள கீறியா, போய் சேந்துட்டியா? இங்க நாலு டிரைவரு லைன் கட்டிகினு நிக்கிறான்" என்று கத்தியது பட்டறை முழுக்கக் கேட்டது. நான் வெளியே வந்தபோது அந்த நான்கு பேரும் மாப்பிள்ளைக்கு வழிவிடுவது போல இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

இதில் பாதிக் குற்றம் உன்னுடையது. டிசம்பரில் இனாயா மூன்று மாதப் பிள்ளையாக மூச்சுத்திணறலோடு ஆவடி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ நேரில் பார்க்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவே சதை குழி விழும், முகத்தில் முக்கால்வாசியை ஆக்ஸிஜன் முகமூடி மூடியிருக்கும், கண் மட்டும் என்னையே பார்க்கும். அந்த முகமூடி இந்தப் பிள்ளையின் முகத்துக்கு இன்னொரு தடவை வரக்கூடாது, அதற்கு என்ன செய்ய வேண்டியிருந்தாலும் செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இஃபத் வேறு முடிவு செய்தாள். விடுப்பு முடிந்ததும் வேலையை விட்டுவிடுகிறேன் மாமா, பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் மிக்ஸியை ஓடவிட்டு அழுதாளாம். மிக்ஸியில் ஒன்றுமே இல்லை என்று உன் அம்மா வந்து சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏழு வருடம் பாடுபட்டுப் பிடித்த இடம் அது, போனவருடம்தான் அவளுக்குக் கீழே ஆறு பேரைக் கொடுத்தார்கள்.

அவள் விடுப்பு முடியப்போகிற நேரம் பார்த்துத்தான் உன் குரல் செய்தி வந்தது, பதினோரு நிமிடம். நெதர்லாந்தில் பேச ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடையில் இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன், நீ எலி கீச்சிடுவது போலப் பேசினாய். உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் பால்தான் வேலை, பசும்பாலில் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன, பச்சிளம் பிள்ளைகளின் மூச்சுக்குழாயைப் பிடிக்கிற அந்த வைரஸை அவற்றில் சில போய்ப் பற்றிக்கொள்கின்றன, அங்கே பண்ணை வீட்டுப் பிள்ளைகளில் காய்ச்சாத பால் குடித்தவர்களுக்குச் சளித்தொல்லை குறைவாக இருந்தது, கொதிக்கவைத்தால் அந்தப் புரதம் கெட்டுவிடும் என்று சொன்னாய். சரியாக அந்த இடத்தில் கொசுவலை கேட்டு ஓர் ஆள் வந்தார். மீதி ஆறு நிமிடம் போனுக்குள்ளேயே தங்கிவிட்டது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே! பாக்கெட் பாலையே மூன்று முறை பொங்கவிட்டு இறக்கும் உன் அம்மா, முப்பது வருடமாக இந்த வீட்டின் எதிர்ப்புச் சக்தியை அடுப்பில் வைத்து அழித்துக்கொண்டிருந்தாள் என்ற கண்டுபிடிப்பு எனக்கு எத்தனை சந்தோஷம் தந்திருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனேன். ஏரியோரம் நான்கு பசு வைத்திருக்கும் கலியமூர்த்தியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நானே என் பேரப்புள்ளைங்களுக்குக் காய்ச்சாம குடுக்க மாட்டேன். உனுக்கு ஆசைன்னா குடி நைனா, எனுக்கு இன்னா" என்றார். உன் அத்தா அவசரக்காரன்தான், ஆனால் பிள்ளை விஷயத்தில் அப்படியில்லை. அவளுக்கு ஒரு சொட்டு போவதற்கு முன்னால் நான் மூன்று நாள் குடித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் இளமை திரும்பியது போலிருந்தது. இரண்டாம் நாள் வயிறு ஏதோ சொல்ல வந்தது, நான் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் பாடிப் பட்டறை.

வாடிய கீரையாக நான் படுத்துக் கிடந்தபோது உன் அம்மா போனை என் தலைமாட்டில் வைத்து அந்த மீதி ஆறு நிமிடத்தைச் சாதாரண வேகத்தில் ஓடவிட்டாள். பச்சைப்பாலில் வேறு கிருமிகளும் வரும், பிள்ளைக்கு வாயில்கூட வைக்கக்கூடாது, இது இன்னும் ஆராய்ச்சிதான், மருந்தில்லை என்று நான்கு தடவை சொல்லியிருக்கிறாய். நடுவில், "அத்தா, கேக்குறீங்களா?" என்று வேறு கேட்டிருக்கிறாய். உன் அம்மா அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டாள்.

ஆனாலும் நான் விடவில்லை. எழுந்து நடக்க முடிந்த அன்றே, இனாயாவைப் பார்க்கிற எழிலரசி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒரு வயசு ஆகாத குழந்தைக்குப் பசும்பாலே குடுக்கக் கூடாது பாய், இதுல பச்சைப்பாலா? பசு அந்தப் புரதத்தை அதோட கன்னுக்குட்டிக்காகச் செய்யுது. இந்தப் பொண்ணுக்குன்னே ஒருத்தி வீட்டுல செஞ்சிட்டிருக்காளே, அவ பாலை எப்படிக் கொண்டுவர்றதுன்னு யோசிச்சீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மருமகளிடம் இதைப் பேசுவது எப்படி என்று இரண்டு நாள் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். கடைசியில் அவளே, "மாமா, டாக்டர் எனக்கும் போன் பண்ணிட்டாங்க, நீங்க நடக்கிறதை நிறுத்துங்க, தலை சுத்துது" என்றாள். பாலைக் கருவியால் எடுத்து வைக்க அவள் தயார்தான், ஆபீசில் அதற்கு ஒதுக்கிய இடம் தாழ்ப்பாள் இல்லாத ஒரு ஸ்டோர் ரூம், கதவில் கண்ணாடி வேறு. அவ்வளவுதானா என்றேன். திரைச்சீலை விற்பவன் மருமகளுக்கு மறைப்பு இல்லையென்றால் நான் எதற்குக் கடை வைத்திருக்கிறேன்? அவள் மேலாளரைக் கேட்டு அனுமதி வாங்கினாள், நான் ஒரு சனிக்கிழமை போய்க் கம்பி அடித்து, கனமான திரை தொங்கவிட்டு, உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்தேன்.

ஒன்றாம் தேதி அவள் வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கடையையும் பிள்ளையையும் உன் அம்மாவிடம் விட்டுவிட்டு வானகரம் வழியாக அம்பத்தூர் போகிறேன், ஐஸ் பெட்டியில் இரண்டு குப்பியோடு திரும்பி வருகிறேன். இந்த வெயிலில் என் மண்டை உருகும், பெட்டிக்குள் ஐஸ் உருக விடமாட்டேன். முதல் நாள் வாசல் செக்யூரிட்டி சுப்பராயன், "இன்னா பாய் பொட்டில, பிரியாணியா? எனுக்கு இல்லியா?" என்றார். தாய்ப்பால் என்றேன், நாலு பேர் காதில் விழத்தான் சொன்னேன். மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இப்போது என் ஸ்கூட்டரைக் கண்டதும் லாரியை நிறுத்தி எனக்குக் கேட் திறக்கிறார்.

வீட்டிலும் சட்டம் போட்டிருக்கிறேன். தும்முகிறவர் யாராயிருந்தாலும் பிள்ளையைத் தொடக்கூடாது, வருகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் கூடத்துக்குள். திருநின்றவூரிலிருந்து உன் சித்தி சபீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். வாசலிலேயே நாற்காலி போட்டுவிட்டேன். "ஏன் மச்சான், எனக்கென்ன பிளேக்கா?" என்று ஆரம்பித்து, நம் வீட்டுக் கல்யாணத்தில் கறி பத்தாமல் போனதுவரை எல்லாவற்றையும் தெருவுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். போகட்டும். இருபத்தாறு நாளாகப் பிள்ளைக்கு ஒரு தும்மல் இல்லை. ஏழு கிலோவைத் தாண்டிவிட்டாள், என் மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை உடைத்துவிட்டாள். இஃபத் ராஜினாமாப் பேச்சை எடுப்பதில்லை, மிக்ஸியில் இப்போது சட்னி மட்டும்தான் அரைபடுகிறது. இந்தப் பெட்டியைப் பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நான் சுமப்பேன், மழை வந்தாலும் சுமப்பேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஆராய்ச்சிக்கூடக் குளிரில் காதை மூடிக்கொள். உன் அறிவும் ஆயுளும் பெருகட்டும், நீ தொட்ட வேலை எல்லாம் துலங்கட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் உன் அம்மாவும் நானும் துஆ செய்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: இனிமேல் குரல் செய்தி அனுப்பினால், செய்யக்கூடாததை முதலில் சொல்.

உன் அன்பு அத்தா,
ஹபிபுல்லா

பி.கு.: நேற்று இனாயாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடப் போன இடத்தில் எழிலரசி டாக்டரிடம் இந்தத் தும்மலில்லாத நாள் கணக்கைச் சொன்னேன். மழையும் குளிரும் போய் வெயில் ஏறியதிலிருந்து ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஒரு குழந்தைகூட மூச்சுத்திணறல் என்று அவரிடம் வரவில்லையாம்.